பன்னிரண்டு பேர் வருகிறார்கள்: குறுகிய கால மறைப்பணிப் பயணங்கள் குறித்து ஒரு சிந்தனை



நம் பங்குகளில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். டொராண்டோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ அக்கா மகன் கைப்பேசியில் அழைக்கிறான். "மாமா, எங்க சர்ச்ல இருந்து பன்னிரண்டு பேர் வர்றோம். பத்து நாள் தங்கி ஏதாவது சேவை பண்ணலாம்னு இருக்கோம். உங்க ஃபாதர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க." மாமாவும் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் காத்திருந்து கேட்கிறார். அவர் முகத்தில் மகிழ்ச்சி. பங்குத்தந்தை உடனே சரி என்று சொல்லாவிட்டால் அந்த மகிழ்ச்சி சற்றே வாடிப்போகிறது. வெளிநாட்டிலிருந்து செலவழித்துக்கொண்டு நற்செய்திப் பணிக்கு வருகிறவர்களை யோசித்துத்தான் வரவேற்க வேண்டுமா என்று அவருக்கு ஓர் ஆதங்கம். யோசிக்கத்தான் வேண்டும் என்பதே நம் எண்ணம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் அல்லர். கார்த்திகை தொடங்கி மாசி வரை செங்கம் சாலையில் நடந்து பாருங்கள். ரமணாசிரமத்தைச் சுற்றிலும் ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் என்று பலரும் தங்கியிருப்பார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் கிரிவலப் பாதையில் நடப்பார்கள். அந்த மாதங்களில் அப்பகுதியில் வீட்டு வாடகை ஏறிவிடும் என்பது நம் மக்கள் அறிந்த சங்கதி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வந்தோம், அமைதியைத் தேடி வந்தோம் என்பார்கள். நம் ஆலயத்திற்கு வருகிற குழுவினரிடம் அதே கேள்வியைக் கேட்டால் உதவி செய்ய வந்தோம், கொடுக்க வந்தோம் என்பார்கள். இவ்விரண்டு பதில்களில் எது நற்செய்திக்கு அருகில் இருக்கிறது? சட்டென்று விடை சொல்லிவிட வேண்டாம்.

குறுகிய காலம் என்பதாலேயே ஒரு பயணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆண்டவர் இயேசு எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பினாரே (லூக் 10:1-12), அதுவும் குறுகிய காலப் பயணம்தான். போனார்கள், திரும்பி வந்தார்கள், நடந்ததைச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு ஆண்டவர் விதித்த நிபந்தனைகளை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பணப்பை கூடாது, வேறு பை கூடாது, மிதியடி கூடாது. நுழைகிற வீட்டுக்கு முதலில் அமைதியை வாழ்த்த வேண்டும். அந்த வீட்டிலேயே தங்க வேண்டும், வசதியான இடம் தேடி வீடு வீடாக மாறக்கூடாது. முன்னால் வைப்பதை உண்ண வேண்டும். அதாவது அனுப்பப்பட்டவர்களை ஆண்டவர் பிச்சைக்காரர்களைப் போல் அனுப்பினார். அந்த ஊர்க்காரர் சோறு போட்டால்தான் அவர்களுக்குச் சோறு. கையில் ஒன்றும் இல்லாதவன் யாரையும் தாழ்வாகப் பார்க்க முடியாது. இன்று பல குழுக்கள் இதற்கு நேர்மாறாக வருகின்றன. தண்ணீர்ப் புட்டி முதல் பரிசுப் பொட்டலம் வரை எல்லாம் கொண்டு வந்து, குளிரூட்டிய அறையில் தங்கி, சாப்பாட்டையும் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டு, ஊரார் கையிலிருந்து ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிப் போகிறார்கள். உடல்நலம் கருதித்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவே இருந்துவிட்டால், வாங்குகிறவர் தலைநிமிர்வது எப்போது?

திருச்சபையும் குறிப்பிட்ட காலப் பணியை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டு 'பிதெயி தோனும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். விசுவாசக் கொடை என்பது அதன் பொருள். ஆப்பிரிக்காவில் குருக்கள் போதாத நிலையில், மற்ற மறைமாவட்டங்கள் தங்கள் குருக்களைச் சில ஆண்டுகளுக்கு அங்கே அனுப்பி உதவும் வழியை அது ஊக்குவித்தது. அங்கே பேச்சு ஆண்டுக் கணக்கில் இருந்தது, நாள் கணக்கில் அல்ல. உள்ளூர் ஆயரின் கீழ் அவர் சொல்லும் பணியைச் செய்ய வேண்டும் என்பதும் அதில் அடக்கம். இப்போது வரும் குழுக்களில் எத்தனை பேர் என்ன தேவை என்று முதலில் கேட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள்? பயணத் தேதி முதலில் குறிக்கப்படுகிறது, விமானச் சீட்டு வாங்கப்படுகிறது, அதன் பிறகுதான் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா என்ற மின்னஞ்சல் வருகிறது.

நம் தமிழ் மண்ணில் குறுகிய காலம் பணி செய்தவர்களுள் முதன்மையானவர் யார் தெரியுமா? புனித பிரான்சிஸ் சவேரியார்! பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் இறங்கிய அவர், அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 இறுதிவரை, இடையில் கோவா சென்று வந்ததும் போக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தாம் பரதவ மக்களிடையே இருந்தார். பிறகு மலாக்கா, மொலுக்காத் தீவுகள், ஜப்பான் என்று போய்விட்டார். தமிழ் அவருக்கு வரவில்லை. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பித்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் நடந்த ஒரு சிறு சங்கதியை நாம் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் 'நான் நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வைத்துவிட்டார்கள். கடற்கரை ஊர்களில் மக்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தந்தையாகிய கடவுள் எனக்கு வேணும் என்று! சவேரியாருக்கு இது தெரிய வந்ததும் 1544-இல் தம் உடன் பணியாளர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல், அதை நீக்கி விசுவாசம் என்ற சொல்லை வைத்துச் சொல்லச் செய்யும்படி பணித்தார். பெரிய புனிதர், ஆனாலும் மொழி தெரியாமல் இப்படி நேர்ந்தது. அதைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் அவர் அங்கே ஓர் ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம். பத்தே நாளில் புறப்பட்டிருந்தால்? (ஒருவகையில் அந்தப் பழைய சொல்லும் மோசமில்லை என்று நமக்குத் தோன்றுவதுண்டு. கடவுள் எனக்கு வேணும் என்று உண்மையாகச் சொல்கிறவர் எத்தனை பேர்!)

சவேரியார் போன பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். முத்துக்குளித்துறைக்கு வந்தவர் 1600-இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். தமிழை முறையாகக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்ததுதான். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. சவேரியார் பெயர் கொண்ட ஆலயங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஹென்றிக்கஸ் அடிகளாரை நம் மறைக்கல்வி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் சவேரியார் விதைத்தது பட்டுப்போகாமல் நின்றதற்கு, தங்கிவிட்ட அந்த மனிதர் முக்கியக் காரணம். குறுகிய காலப் பணிக்குப் பின்னால் ஒரு நீண்ட காலப் பணி இருக்கிறதா என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே சேத்துப்பட்டு இருக்கிறதே! தாது வருடப் பஞ்ச காலத்தில் இப்பகுதியில் உழைத்த தாராஸ் அடிகளார் பிரான்சிலிருந்து வந்தவர். ஊர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர் அல்லர். வட ஆர்க்காட்டின் திருத்தூதர் என்று மக்கள் அவரை அழைப்பது சும்மா இல்லை.

இனி, நடைமுறைச் சிக்கல்களுக்கு வருவோம். முதலாவது, அரசு விதிகள். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆலயத்துக்கு வரலாம், திருப்பலியில் பங்குபெறலாம், மறையுரை கேட்கலாம். ஆனால் மேடையேறிப் போதிப்பதும், சமயத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதும், மதமாற்ற நோக்குடன் செயல்படுவதும் அந்த விசாவில் அனுமதிக்கப்பட்டவை அல்ல. மறைப்பணிக்கென்று தனி விசா இருக்கிறது. அது எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் இடம் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். பங்கு இல்லம் என்றாலும் இதற்கு விலக்கு இல்லை. பணம் இன்னும் சிக்கலானது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 2020-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வது இதுதான்: பதிவு பெற்ற அமைப்புகள் மட்டுமே வாங்கலாம், அதுவும் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். கிளம்பும் நாளில் அன்போடு உறையில் வைத்துப் பங்குத்தந்தை கையில் திணிக்கப்படும் டாலர் நோட்டுகள் பங்குக்கு உதவியாகத் தோன்றலாம், உண்மையில் அது தலைவலி.

விதியை மீறினால் யாருக்கு என்ன நேரும்? வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள், மீண்டும் விசா தர மாட்டார்கள். அவ்வளவோடு அவர் கதை முடிந்தது. இங்கே இருப்பவருக்கு அவ்வளவோடு முடியாது. 2018 நவம்பரில் அந்தமானில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், சுற்றுலா விசாவில் வந்து, யாரும் போகக்கூடாத வட சென்டினல் தீவுக்கு நற்செய்தி சொல்லப் போய் உயிரிழந்தார். அவருடைய துணிச்சலைப் பற்றி உலகமெல்லாம் விவாதித்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு அவரைப் படகில் கொண்டுபோன உள்ளூர் மீனவர்கள் கைது செய்யப்பட்டதை எத்தனை பேர் பேசினார்கள்? அந்தத் தீவு மக்களுக்கு நம் கிருமிகளால் நோய் வரும் ஆபத்து இருந்ததை அவர் எவ்வளவு எண்ணிப் பார்த்தாரோ!

திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம். தீபத் திருநாளன்று இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றும்போது, நல்ல எண்ணத்தோடு என்றாலும், ஒரு வெளிநாட்டு இளைஞர் கிரிவலப் பாதையில் நின்று துண்டுப்பிரசுரம் நீட்டினால் என்ன ஆகும்? அவருக்கு அது ஊர் போய்ச் சொல்ல ஒரு சாட்சியம். நமக்கோ அடுத்த நாள் காலையில் அதே பால்காரரிடம் பால் வாங்க வேண்டும், அதே மளிகைக் கடைக்குப் போக வேண்டும், நம் பிள்ளைகள் அதே பள்ளியில் அதே வகுப்பில் உட்கார வேண்டும். இந்த ஊரில் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்த இந்துக் குடும்பங்கள் எத்தனை! டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தேன் என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் எத்தனை! அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த சொத்து. அதைப் பத்து நாளில் செலவழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது பிள்ளைகள். வருகிற குழுக்கள் பெரும்பாலும் கேட்பது குழந்தைகள் விடுதியைத்தான். பாட்டு, விளையாட்டு, ஆங்கில வகுப்பு, நிறைய நிழற்படம். பிள்ளைகளும் குதூகலமாக ஒட்டிக்கொள்வார்கள். பத்தாம் நாள் அக்காவும் அண்ணனும் அழுதுகொண்டே வண்டி ஏறுவார்கள். பிள்ளைகளும் அழுவார்கள். அடுத்த ஆண்டு வேறு அக்கா, வேறு அண்ணன், மறுபடியும் அதே ஆங்கில எழுத்துகளிலிருந்து பாடம். ஏற்கெனவே தாயையோ தகப்பனையோ பிரிந்து வந்த பிள்ளைக்கு, அன்பு காட்டுகிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள் என்பதை ஆண்டுதோறும் நாமே கற்றுக்கொடுக்க வேண்டுமா? விடுதிப் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் முகநூலில் போடுவது அன்பின் அடையாளம் ஆகாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் இருக்கட்டும். டொராண்டோவில் ஒரு பள்ளிக்குள் நம் ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் கேமராவோடு போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க விடுவார்களா? அங்கே கூடாதது இங்கே ஏன் கூடும்?

பணக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபாய் பயணச் செலவு என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு இலட்சம். வந்து ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க நம் தெருவிலேயே ஆள் இருக்கிறார், அவருக்கு அன்று வேலையும் இல்லை. இந்தக் கணக்கு சரியான கணக்குதான். என்றாலும் நாம் அதை ஓரளவுக்கு மேல் போட விரும்பவில்லை. பெத்தானியாவில் நறுமணத் தைலத்தின் விலையைக் கணக்குப் பார்த்தவன் யார் என்று நற்செய்தி சொல்கிறது (யோவா 12:4-6). ஒரு மனிதர் மற்றொரு மனிதரை நேரில் பார்க்க வருவதற்கு விலை போட முடியாது. செலவைவிட, வந்தவர் யாரைச் சந்தித்தார் என்பதே நம் கவலை. சுவரையா, மனிதரையா?

பேரிடர் நேரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்ததை மறக்க முடியாது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. கேட்காமல் கொடுத்ததன் கதி அது. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் மண்ணைத் தோண்டத் தெரிந்தவர் வேண்டும், பிறகு அந்தத் தெருவில் உள்ளவர்களோடு மாதக் கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவர் வேண்டும். ஒரு வாரம் வந்து போகிறவரால் இரண்டும் இயலாது.

அப்படியானால் யாருமே வர வேண்டாமா? இவான் இல்லிச் என்ற குரு 1968-ஆம் ஆண்டு ஏப்ரலில், மெக்சிகோவில் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களிடம் கடுமையாகப் பேசினார். விருந்தாளியாக வரலாம், உபகாரியாக வர வேண்டாம் என்பதே அவர் பேச்சின் சாரம். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. கண் மருத்துவரோ, அறுவை மருத்துவரோ, செவிலியருக்குப் பயிற்சி தருகிறவரோ, உள்ளூர் மருத்துவமனையின் அழைப்பின்பேரில், உரிய அனுமதியோடு, ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வந்தால் அது பெரிய கொடை. கொல்கத்தாவில் அன்னை தெரேசாவின் சகோதரிகளிடம் சில நாட்களுக்கு மட்டுமே வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அங்கே மேடை கிடையாது. துணி துவைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், நோயாளிக்கு ஊட்டிவிட வேண்டும். சகோதரிகளின் அன்றாட வேலையில் ஒரு கை கூடுகிறது, அவ்வளவுதான். அவர் போனாலும் வேலை நிற்காது. இந்த ஏற்பாட்டில் ஒரு ஞானம் இருக்கிறது.

இந்த ஊருக்கே உரிய வேறொரு நிகழ்வும் உண்டு. ஹென்றி லெ சோ என்ற பிரெஞ்சு பெனடிக்ட் சபைத் துறவி, மொன்ஷானின் அடிகளோடு 1949 சனவரியில் முதன்முறையாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்டு, குளித்தலை அருகே சாந்திவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர் இவர். அந்த முதல் பயணத்தில் அவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. இரமணரைக் கண்டார், ஆனால் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. அப்போது ஆசிரமத்திலிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, அவர் அளவுக்கு அதிகமான மூட்டைகளோடு வந்திருப்பதுதான் காரணம் என்று சொன்னாராம். பெட்டி படுக்கையைச் சொல்லவில்லை. முன்கூட்டியே கட்டிக்கொண்டு வந்த எண்ணங்களைச் சொன்னார். அதன் பிறகு 1952 முதல் சில ஆண்டுகள் அவர் இடையிடையே வந்து இந்த மலைக் குகைகளில் தனித்திருந்தார். அவருடைய இறையியல் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்கிறோம் என்பதல்ல. அது தனியே எழுத வேண்டிய பொருள். ஆனால் பையில்லாமல் போங்கள் என்று ஆண்டவர் சொன்னதற்கு, நம் ஊர்த் தெருவில் நடந்த விளக்கமாக அந்தப் பெண்மணியின் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே அக்கா மகனிடம் என்ன சொல்வது? வரட்டும், பன்னிரண்டு பேருக்குப் பதில் நான்கு பேர் வரட்டும். ஆறு மாதம் முன்பே எழுதட்டும். விசா எந்த வகை என்பதை மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். விடுதியில் தங்காமல் நம் குடும்பங்களில், விதிப்படி தகவல் கொடுத்துவிட்டு, இருவர் இருவராகத் தங்கட்டும். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டால் சாப்பிடட்டும். ஐம்பது தமிழ்ச் சொற்களாவது கற்றுக்கொண்டு வரட்டும். அங்கேயே வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பாட்டியின் மொழியை மீட்டுக்கொள்ளவும் வாய்ப்பு. பணம் சேர்த்திருந்தால் பதிவு பெற்ற அமைப்பின் வழியாக அனுப்பட்டும், பெட்டியில் கொண்டுவர வேண்டாம். அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்து, நம் மக்கள் எப்படிச் செபிக்கிறார்கள் என்று கேட்கட்டும். திரும்பிப் போனதும், டொராண்டோவில் அதே தெருவில் இருக்கும் அகதிக் குடும்பத்தின் கதவைத் தட்டட்டும். வர முடியாதவர்கள் வருந்த வேண்டாம். 1927-இல் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்ட குழந்தை இயேசுவின் புனித தெரேசா, தம் மடத்தை விட்டு எந்த மறைப்பணிக்கும் போனவர் அல்லர்.

காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. கார்த்திகை தீபத்தை ஒட்டிய வாரங்களில் ஊரில் அறையும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது. தை, மாசி நல்ல மாதங்கள், வெயிலும் தாங்கும். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. அந்த மாதம் அவர்களைப் படிக்க விட்டுவிடுங்கள்.